நுண்ணுயிர் யாருக்காக உழைக்கிறது?

2020 ஜூன் மாதம், பெருந்தொற்றின் பிடியில் உலகம் திணறிக்கொண்டிருந்தபோது பிரிட்டனிலிருந்து ஒரு நற்செய்தி வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் வழிநடத்திய ‘ரெகவரி’ ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்னும் பழைய மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டிருந்த நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது தெரியவந்தது. காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்ட, நம் ஊர் மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற ஸ்டீராய்டு அது. விலை உயர்ந்த புதிய மருந்துகளைப் பன்னாட்டு நிறுவனங்கள் முன்னிறுத்திக்கொண்டிருந்த வேளையில், பல உயிர்களைக் காத்தது இந்த மலிவான மருந்தே.

ஓராண்டு கழித்து, இரண்டாம் அலையின்போது, ‘கறுப்புப் பூஞ்சை’ நோய் நம் நாட்டில் 40,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. கட்டுக்குள் இல்லாத நீரிழிவும், அளவும் காலமும் பாராமல் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டுமே அதற்கு முக்கியக் காரணங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கண்ணையும் தாடையையும் இழந்தவர்கள் பலர். ஆம்போடெரிசின்-பி என்ற ஊசிமருந்துக்காக நோயாளிகளின் உறவினர்கள் நகரம் நகரமாக அலைந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையே அதிகம் பேசப்படாத ஓர் உறவு உண்டு. நம் நாட்டில் கறுப்புப் பூஞ்சை நோயை உண்டாக்குகிறவற்றுள் முதன்மையானது ‘ரைசோபஸ் அரைசஸ்’ என்ற பூஞ்சை. 1952ஆம் ஆண்டு ஸ்டீராய்டு மருந்துகள் மலிவடைய வழிதிறந்ததும் இதே பூஞ்சைதான். ஆம்போடெரிசினும் மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரைத் தொட்டியில் வளர்த்துப் பெறப்படுவதே. ஆக நோயும், மருந்தும், மருந்தின் கேட்டைத் தீர்க்கும் மருந்தும் நுண்ணுயிர்களின் வேலையாகவே இருக்கின்றன. அந்த வேலை யாருடைய ஆணைப்படி, யாருடைய நலனுக்காக நடக்கிறது என்பதுதான் அரசியல் கேள்வி.

மருந்துக் கொள்கை குறித்த நம் தீர்மானங்களில் விலைக் கட்டுப்பாடும் காப்புரிமை எதிர்ப்பும் தவறாமல் இடம்பெறுகின்றன. ‘நொதித்தல் தொழில்’ என்பது ஒற்றைச் சொல்லாக வந்துபோகிறது. அத்தகைய ஆவணங்களைப் பல ஆண்டுகளாகத் தமிழாக்கிவரும் நானும் அந்தச் சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றவன்தான். அதில் சற்று நின்று பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூசணம் செய்த வேலை

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் நடக்கமுடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் கார்ட்டிசோனைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில் ஹென்ச், கெண்டல், ரெய்க்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் முடங்கிக் கிடந்த லட்சக்கணக்கானோருக்கு மருந்து கிடைக்கவில்லை. மாட்டின் பித்தநீரிலிருந்து எடுக்கப்பட்ட அமிலத்தை முப்பதுக்கும் மேற்பட்ட வேதிப் படிகளைக் கடத்தி மெர்க் நிறுவனம் அதைத் தயாரித்துவந்தது. ஒவ்வொரு படியிலும் பொருள் வீணாகும். 1949இல் ஒரு கிராம் கார்ட்டிசோனின் விலை 200 டாலர்.

சிக்கல் எங்கே இருந்தது? ஸ்டீராய்டு என்பது நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு சட்டகம். கார்ட்டிசோன் மருந்தாக வேலைசெய்ய, அச்சட்டகத்தின் 11ஆவது கார்பன் அணுவில் ஓர் ஆக்சிஜன் அணு இருந்தாகவேண்டும். பித்தநீர் அமிலத்தில் அது 12ஆவது இடத்தில் இருக்கிறது. அடுத்த வீட்டுக்குக் குடிமாறுவதுபோலத் தோன்றும் இந்த மாற்றத்துக்கே வேதியியலர் பல படிகளைச் செலவிட்டார்கள். மற்ற அணுக்களைக் கலைக்காமல் அந்த ஓர் இடத்தை மட்டும் தொடுவது வினைப்பொருள்களால் ஆகிற காரியமாக இல்லை.

பூசணத்தால் ஆயிற்று. அமெரிக்காவின் கலமசூ நகரிலிருந்த அப்ஜான் நிறுவனத்தின் ஆய்வாளர்களான ட்யூரி பீட்டர்சனும் ஹெர்பர்ட் மரேயும், ரைசோபஸ் பூஞ்சை வளரும் நீர்மத்தில் புரொஜெஸ்ட்டிரோன் என்ற எளிய ஸ்டீராய்டைச் சேர்த்தபோது, பூஞ்சையின் நொதி சரியாக 11ஆவது இடத்தில் ஆக்சிஜனைக் கொண்டுவந்து பொருத்தியது. கொதிநிலை வேண்டாம்; கடும் அமிலம் வேண்டாம்; ஒரே படி. பழைய ரொட்டியில் கறுத்துப் பூக்கும் பூசணமான ரைசோபஸ் நிக்ரிகன்ஸ் இதே வேலையை இன்னும் சிறப்பாகச் செய்தது. கார்ட்டிசோனின் விலை கிராம் 6 டாலர் அளவுக்கு இறங்கியது. எழுபதுகளின் இறுதியில் அரை டாலருக்கும் கீழே போயிற்று. தொடர்ந்து, ஷெரிங் நிறுவனத்தின் ஆர்தர் நோபில் வேறொரு பாக்டீரியாவைக் கொண்டு கார்ட்டிசோனிலிருந்து இரு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கி, அதைவிட வீரியமான பிரெட்னிசோனைப் பெற்றார். இன்று ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் பிரெட்னிசொலோன் அந்த வழியில் வந்ததே.

இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவாக்கிய திறனை மனிதன் கண்டறிந்தான். கண்டறிந்த நிறுவனம் 1952இலேயே அம்முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அறிவியல் உற்பத்திச் சக்தியாக மாறுவதும், அந்தச் சக்தி தனியுடைமைக்குள் அடைபடுவதும் ஒரே கணத்தில் நடந்தன.

மெக்சிகோவின் கிழங்கு

பூசணத்துக்குத் தீனியாகப் புரொஜெஸ்ட்டிரோன் வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது? மெக்சிகோவின் காடுகளிலிருந்து. ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலர், அங்குள்ள காட்டு வள்ளிக்கிழங்கு வகைகளில் டயோஸ்ஜெனின் என்ற பொருள் மிகுந்திருப்பதைக் கண்டு, அதைச் சில படிகளில் புரொஜெஸ்ட்டிரோனாக்கும் வழியைக் கண்டறிந்திருந்தார். 1944இல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அப்ஜானிடமிருந்து பத்து டன் புரொஜெஸ்ட்டிரோன் கேட்டு ஆணை வந்தபோது சின்டெக்ஸ்காரர்கள் வியந்துபோனார்கள். அதுவரை கிலோக் கணக்கில் மட்டுமே விற்ற பொருள் அது. பூசணத்தின் பசி அவ்வளவு பெரிதாயிருந்தது.

வெராக்ரூஸ், ஓவஹாக்கா, சியாபாஸ் மாநிலங்களின் ஏழை விவசாயிகள் ‘பார்பாஸ்கோ’ என்னும் அந்தக் கிழங்கைத் தோண்டினார்கள். புழுக்கமான காட்டுக்குள் பாம்புக்கும் பூச்சிக்கும் நடுவே வேரோடு பறித்து, முதுகில் சுமந்து, இடைத்தரகரிடம் எடைபோட்டுக் கொடுத்தார்கள். கருத்தடை மாத்திரையும் கார்ட்டிசோனும் அதிலிருந்து பிறக்கின்றன என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. 1956இல் சின்டெக்ஸ் அமெரிக்க முதலாளிகளின் கைக்குப் போயிற்று. மற்ற நிறுவனங்களும் அவ்வாறே அந்நிய உடைமையாயின. உலக ஸ்டீராய்டுத் தொழிலின் மூலப்பொருளில் பெரும்பகுதியை ஒரு நாடு கொடுத்தது. லாபம் வேறு நாட்டில் குவிந்தது.

1975இல் எச்செவெரியா அரசு விழித்துக்கொண்டது. ‘ப்ரோக்கிவெமெக்ஸ்’ என்ற அரசு நிறுவனத்தை அமைத்து, கிழங்குக் கொள்முதலைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. விவசாயிகளை அமைப்பாகத் திரட்டவும், அவர்களுக்கு உயர்ந்த விலை தரவும், நாளடைவில் மருந்தையே உள்நாட்டில் தயாரிக்கவும் திட்டமிட்டது. நோக்கம் சரியானது. ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது.

ஏனெனில், நிறுவனங்கள் அதற்குள் வேறொரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்திருந்தன. காசநோய்க் கிருமியின் உறவுக்கார பாக்டீரியாவான மைக்கோபாக்டீரியம், தாவரக் கொழுப்புகளிலுள்ள ஸ்டெரால்களை உணவாகக் கொள்கிறது. இயல்பாக விட்டால் ஸ்டெராலை முழுவதும் தின்று தீர்த்துவிடும். வளையச் சட்டகத்தை உடைக்கும் நொதி செயல்படாதபடி திரிபடைந்த வகைகளை அமெரிக்காவின் சர்ல் நிறுவன ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 1972இல் அறிவித்தார்கள். இவ்வகைகள் பக்கச் சங்கிலியை மட்டும் தின்றுவிட்டு, மருந்துக்கு வேண்டிய சட்டகத்தை அப்படியே மீதம் வைத்தன. சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது ஒதுக்கப்படும் கழிவே மூலப்பொருளாயிற்று. காடும் கிழங்கும் விவசாயியும் தேவையற்றுப் போனார்கள். எண்பதுகள் முடிவதற்குள் ப்ரோக்கிவெமெக்ஸ் செல்வாக்கிழந்து மறைந்தது.

கிழங்கு காடுகளில் அருகிவந்ததும், அரசு நிர்வாகத்தின் குறைகளும் இவ்வீழ்ச்சிக்குக் காரணங்களே. எனினும் அடிப்படைப் பாடம் ஒன்று உண்டு. மெக்சிகோ மூலப்பொருளை நாட்டுடைமையாக்கியது. உற்பத்திச் சாதனம் வேறிடத்தில் இருந்தது. தொட்டியும், தொட்டிக்குள் வாழும் நுண்ணுயிரும், அதைத் திருத்தி வளர்க்கும் அறிவும் யார் கையில் இருந்தனவோ, அவர்களே விலையையும் விதியையும் தீர்மானித்தார்கள். ‘உற்பத்திச் சாதனங்கள்’ என்று மொழிபெயர்க்கும்போது நம் மனக்கண்ணில் தறியும் உலையும் வந்து நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரும் அவ்வரிசையில் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.

பிம்ப்ரியும் ரிஷிகேசமும்

நம் நாட்டுக்கு இந்தப் பாடம் தெரியாமலில்லை. உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் உதவியோடு 1954இல் புனே அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவப்பட்டது. பெனிசிலினைத் தொட்டியில் வளர்த்ததோடு அது நிற்கவில்லை. அங்கே திருமலாச்சார் குழுவினர் மண்ணிலிருந்து ஒரு புதிய நுண்ணுயிரைப் பிரித்து, ஹாமைசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை உருவாக்கினார்கள். அந்த நுண்ணுயிருக்குப் பிம்ப்ரியின் பெயரே சூட்டப்பட்டது. அடுத்து சோவியத் ஒன்றியத்தின் உதவியோடு இந்தியன் டிரக்ஸ் அண்ட் பார்மசூட்டிகல்ஸ் நிறுவனம் ரிஷிகேசத்தில் ஆன்டிபயாட்டிக் ஆலையையும், ஐதராபாத்தில் செயற்கை மருந்து ஆலையையும், சென்னையில் அறுவை சிகிச்சைக் கருவி ஆலையையும் நிறுவியது. இந்தியாவுக்கு மருந்து மூலப்பொருள் தயாரிக்கத் தெரியாது என்று பன்னாட்டு நிறுவனங்கள் சொல்லிவந்த காலம் அது.

மெக்சிகோ விழித்த அதே 1975ஆம் ஆண்டில் ஹாத்தி குழு நம் நாட்டில் தன் அறிக்கையை அளித்தது. மருந்துத் தொழிலில் பொதுத்துறைக்குத் தலைமைப் பங்கு வேண்டும், அந்நிய நிறுவனங்களின் பங்கு மூலதனத்தைக் குறைக்கவேண்டும் என்று அது கூறியது. செய்முறைக்கு மட்டும் காப்புரிமை என்ற 1970ஆம் ஆண்டின் சட்டமும் துணைநின்றது. இவற்றின் விளைவாகவே உலகின் ஏழைகளுக்கு மலிவு மருந்து தரும் நாடாக இந்தியா உயர்ந்தது.

தொண்ணூறுகளின் தாராளமயம் இந்த அடித்தளத்தைத் தகர்த்தது. நொதித்தல் தொழிலுக்குப் பெருமுதலீடு வேண்டும். நீராவி, இடையறாத மின்சாரம், கிருமி நீக்கிய காற்று, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய அனைத்தும் நாளும் பொழுதும் தேவை. லாபம் மெதுவாகவே வரும். தனியார் முதலாளிகள் மூலப்பொருளை இறக்குமதி செய்து மாத்திரையாக அழுத்தி, உறையில் தம் பெயரை அச்சிட்டு விற்பதில் எளிய லாபத்தைக் கண்டார்கள். பொதுத்துறை ஆலைகள் மூலதனமின்றி நோயுற விடப்பட்டன. 2016 டிசம்பரில் மோடி அரசின் அமைச்சரவை, ரிஷிகேச ஆலையை நடத்திய நிறுவனத்தை மூடவும் பிம்ப்ரி நிறுவனத்தை விற்கவும் முடிவெடுத்தது. தொட்டிகள் நின்ற நிலத்தின் சந்தை விலைதான் ஆட்சியாளர் கண்ணில் பட்டது.

இன்று மருந்து மூலப்பொருள் இறக்குமதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சீனாவிலிருந்து வருகிறது. இதைச் சொல்லித் தேசபக்திக் கூச்சல் எழுப்புகிறவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். சீனா தன் நொதித்தல் தொழிலைத் திட்டமிட்டு வளர்த்த அதே ஆண்டுகளில், நம் ஆட்சியாளர்கள் நம்முடையதைத் திட்டமிட்டே கைவிட்டார்கள்.

நுண்ணுயிர் யாருடைய உடைமை?

உயிருக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு, பீர்பூம் மாவட்டத்தில் பிறந்த ஆனந்த சக்ரவர்த்தியின் பெயரோடு இணைந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியாவை அவர் உருவாக்கினார். 1980இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அந்த உயிருக்குக் காப்புரிமை செல்லும் என்றது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். பின்னர் உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் நுண்ணுயிர்களுக்குக் காப்புரிமை தருவதை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கடமையாக்கியது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நம் சட்டமும் தாவரங்களையும் விலங்குகளையும் காப்புரிமைக்கு வெளியே நிறுத்தி, நுண்ணுயிர்களை மட்டும் உள்ளே விட்டது. இயற்கையில் உள்ளபடி கண்டெடுத்த உயிருக்குக் காப்புரிமை கிடையாது என்ற தடை இன்னும் இருக்கிறது. ஆனால் தொழிலுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் திருத்தப்பட்ட உயிரே.

2005இல் இடதுசாரிகளின் அழுத்தத்தால் சேர்க்கப்பட்ட 3(டி) பிரிவு, பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை பெறும் தந்திரத்தைத் தடுத்தது. அது பெருமைப்படத்தக்க வெற்றி. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். பிரெட்னிசொலோனுக்கோ பெனிசிலினுக்கோ இன்று காப்புரிமைத் தடை எதுவுமில்லை. இருந்தும் அவற்றின் மூலப்பொருளுக்கு நாம் பிறரைச் சார்ந்திருக்கிறோம். காப்புரிமைப் போராட்டம் கதவைத் திறந்துவைக்கும். உள்ளே சென்று உற்பத்தி செய்யத் தொட்டி வேண்டும்.

மானியம் யாருக்கு?

2020இல் ஒன்றிய அரசு 6,940 கோடி ரூபாயில் மருந்து மூலப்பொருள்களுக்கான உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை அறிவித்தது. பெனிசிலின்-ஜி, டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. நொதித்தல் வழிப் பொருள்களுக்கு விற்பனையில் முதல் நான்கு ஆண்டுகள் 20 சதவீதம், ஐந்தாம் ஆண்டு 15, ஆறாம் ஆண்டு 5 சதவீதம் என மக்கள் பணம் தனியாருக்குச் செல்லும். சந்தை தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற உபதேசம் பொய்த்தது என்பதற்கு இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் தேவையில்லை. ஆந்திரத்தின் காக்கிநாடா அருகே பெனிசிலின்-ஜி ஆலை மீண்டும் எழுந்திருக்கிறது; இத்தொழில் இங்கே இயலாது என்ற வாதமும் அதோடு போயிற்று.

நம் கேள்வி எளியது. பொதுப்பணத்தில் எழும் தொட்டியில் பொதுமக்களுக்கு என்ன உரிமை? ஆறாம் ஆண்டுக்குப் பிறகு வெளிநாட்டு விலை இறங்கினால், இதே முதலாளி ஆலையைப் பூட்டிவிட்டு இறக்குமதிக்குத் திரும்பமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? மூன்று கோரிக்கைகளை நாம் தெளிவாக முன்வைக்கவேண்டும். முதலாவது, பிம்ப்ரி, ரிஷிகேசம் நிலங்களை விற்பதைக் கைவிட்டு, அங்கே நொதித்தல் ஆலைகளைப் பொதுத்துறையில் புதுப்பிக்கவேண்டும். இரண்டாவது, அரசு ஆய்வகங்கள் உருவாக்கும் நுண்ணுயிர் வகைகள் தனியொரு நிறுவனத்துக்குத் தாரைவார்க்கப்படாமல் பொதுச்சொத்தாக நீடிக்கவேண்டும். சண்டிகரிலும் புனேயிலும் தேசிய நுண்ணுயிர்ச் சேகரிப்பகங்கள் இருக்கின்றன. அவை விதைநெல் காக்கும் குதிர்கள். மூன்றாவது, ஊக்கத்தொகை பெறும் ஒவ்வொரு ஆலையும் கட்டுப்படியான விலையில் அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த அளவு வழங்கக் கட்டுப்படவேண்டும்.

தொழிலாளர் நலனையும் சுற்றுச்சூழலையும் இவற்றோடு சேர்த்தே பேசவேண்டும். ஸ்டீராய்டுத் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளியின் உடலில் அதே ஹார்மோன் வேலைசெய்யத் தொடங்கிவிடும். ஐதராபாத் அருகே பட்டான்செருவில் மருந்துக் கழிவு நீர்நிலைகளை என்ன செய்தது என்பதை நாடே அறியும். நுண்ணுயிர்வழி உற்பத்தி கடும் வேதிப்பொருள்களைக் குறைக்கும் என்பது உண்மை. கழிவைச் சுத்திகரிக்காத முதலாளியிடம் அந்த நன்மையும் நஞ்சாகும்.

உயிரித் தொழில்நுட்பம் என்றாலே ஐயத்தோடு பார்க்கும் தோழர்கள் உண்டு. விதை ஏகபோகத்தைக் கண்டவர்களுக்கு அந்த ஐயம் இயல்பு. ஆனால் மூடிய தொட்டிக்குள் பூசணம் செய்யும் வேலையை எதிர்ப்பது நம் நிலையாக இருக்கமுடியாது. அதைத் தனியுடைமைச் சிறையிலிருந்து மீட்பதே நம் வேலை. மலிவு மட்டும் போதாது என்பதையும் 2021 காட்டியது. மலிவான ஸ்டீராய்டு இருந்தது. அதை அளந்து கொடுக்கவும் சர்க்கரையைக் கண்காணிக்கவும் வலுவான பொது மருத்துவம் பல மாநிலங்களில் இல்லை. பொது உற்பத்தியும் பொது மருத்துவமும் இணைந்தால்தான் மருந்து மக்களுடையதாகும்.

கேரள அரசின் ஆலப்புழை மருந்து நிறுவனம் பொதுத்துறையில் மாத்திரை தயாரிக்கிறது. தமிழ்நாட்டின் மருத்துவச் சேவைக் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. வாங்கத் தெரிந்துகொண்டோம், மாத்திரையாக்கவும் தெரிந்துகொண்டோம். மாத்திரைக்குள் இருக்கும் மருந்தைப் பொதுத்துறைத் தொட்டியில் விளைவிப்பதே அடுத்த படி. தொழிற்சங்க, மாதர், மாணவர் அரங்குகளில் மருந்து விலை குறித்துப் பேசும் தோழர்கள், அடுத்த முறை ‘நொதித்தல்’ என்ற சொல் வரும்போது அதைக் கடந்து போகாமல், மெக்சிகோவின் கதையைச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். பூசணத்துக்கு முதலாளி யாரென்று தெரியாது. அதன் உழைப்பின் பயன் யாருக்குச் சேரவேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்கள் நாம்தான்.